பழுது பார்க்கும் நேரத்தில் வந்த அழைப்பு

பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறு, முதல் ஆண்டு
எசாயா 9:1-4, 1 கொரிந்தியர் 1:10-13,17, மத்தேயு 4:12-23



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் நான்கு பேரை அழைக்கிறார். நால்வரும் மீனவர்கள், ஒரே ஏரிக்கரையில் பிழைத்தவர்கள். ஆனால் அழைப்பு வந்த நேரத்தில் அவர்கள் கையில் இருந்த வேலை ஒன்றல்ல. சீமோனும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். யாக்கோபும் யோவானும் அப்பா செபதேயுவோடு படகில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலை வீசுகிறவனை ஊர் பார்க்கும். அவனுக்கு மீன் விழும், காசு வரும். பழுது பார்க்கிறவனை யார் பார்க்கிறார்கள்? அன்றைக்கு அவன் கூடைக்கு ஒரு மீனும் வராது. அப்படி ஒருவர் கண்ணிலும் படாத வேலையில் இருந்தவர்களையும் ஆண்டவர் பார்த்தார், நின்றார், கூப்பிட்டார்.

மத்தேயு இந்தக் காட்சியை எங்கே வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். நான்கே வசனங்களுக்கு முன்னால்தான் இயேசு தம் பணியைத் தொடங்குகிறார். மனம் மாறுங்கள், விண்ணரசு நெருங்கி வந்துவிட்டது என்பதுதான் அவருடைய முதல் அறிவிப்பு. அந்தக் குரல் அடங்குவதற்குள் நாம் பார்க்கும் மனிதர்கள், கிழிசலைக் கையில் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். மனமாற்றம் என்றதும் நமக்குப் பெரிய பெரிய காரியங்கள் நினைவுக்கு வருகின்றன. அழுகை, சபதம், வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் எல்லாம் நல்லவைதான். ஆனால் மனமாற்றத்தின் அன்றாட உருவம் யாக்கோபும் யோவானும் செய்த வேலைதான். எங்கே கிழிந்திருக்கிறது என்று பொறுமையாகத் தேடுவது, கண்டதைச் சரிசெய்வது.

1986-ல் கலிலேயாவில் மழை பொய்த்து அந்த ஏரியின் நீர்மட்டம் இறங்கியது. கினோசார் என்னும் இடத்தில், மீன்பிடித் தொழில் செய்த அண்ணன் தம்பி இருவர் சேற்றுக்குள் ஒரு பழைய படகைக் கண்டார்கள். ஆய்ந்து பார்த்தபோது அது இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டிய படகு என்று தெரிந்தது. நீளம் 8 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. இன்றைக்கும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் படகில் பத்துக்கும் மேற்பட்ட வகை மரங்கள் இருந்தன. பழைய படகுகளில் கழற்றிய பலகை, கைக்குக் கிடைத்த கட்டை என்று ஒட்டுப் போட்டு, மறுபடி ஒட்டுப் போட்டு, ஓட்டியிருக்கிறார்கள். புதுப்படகு வாங்க வசதியில்லாத குடும்பமாக இருந்திருக்கலாம். பேதுருவின் படகும் செபதேயுவின் படகும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். ஆண்டவர் ஏறி உட்கார்ந்து போதித்ததும், அலைக்கு நடுவில் தலை சாய்த்துத் தூங்கியதும், ஒட்டுப் போட்ட படகுகளில்தான் இருக்கும்.

நம் மூலக்குளத்துக்கும் கடலுக்கும் நடுவில் புதுச்சேரி நகரமே இருக்கிறது. இங்கே பெரும்பாலானோர் கடலில் தொழில் செய்கிறவர்கள் இல்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள், ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், வண்டி பழுது பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் நம் சட்டியில் கொதிக்கிற மீன், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்தோ வீராம்பட்டினத்திலிருந்தோ வைத்திக்குப்பத்திலிருந்தோ ஒருவர் விடிவதற்கு முன்னால் படகைத் தள்ளியதால் வந்தது. அவர் உயிர் ஓர் இன்ஜினை நம்பியிருக்கிறது. ஃபைபர் படகுகள் பலவற்றில் நீளமான தண்டு வைத்த டீசல் இன்ஜின் இருக்கும். சிலவற்றில் படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் அவுட்போர்டு மோட்டார் இருக்கும். நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகு இல்லத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்கள் அந்த மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த மோட்டாரை ஊர் உலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் 1877-ல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போய், மில்வாக்கி நகரில் பட்டறை வைத்திருந்தவர். ஒரு கோடைநாளில், தாம் நேசித்த பெஸ் என்ற பெண்ணுக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியைக் கடந்து துடுப்புப் போட்டுப் போனாராம். திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் கரைந்துவிட்டதாம். அந்த ஏக்கத்தில் பிறந்ததுதான் இந்த மோட்டார் என்று சொல்வார்கள். 1909-ல் விற்பனைக்கு வந்த அவருடைய மோட்டார், துடுப்பால் தோள் தேய்ந்த எத்தனையோ மீனவர்களுக்கு விடுதலை ஆனது.

நம் தமிழ்க் கடற்கரையில் இந்த மாற்றத்துக்குத் திருச்சபையும் தோள் கொடுத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகப் பணியில், முட்டத்தில் ஒரு படகு கட்டும் மையம் எழுந்தது. பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியேர் ஜில்லே அங்குள்ள மீனவர்களோடு சேர்ந்து, அலையைத் தாண்டிப் போகக்கூடிய ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். 1980-களில் அந்தப் படகுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு மோட்டார்கள் ஏறின. மோட்டார் வந்ததும் கூடவே பழுதும் வந்தது. நடுக்கடலில் நின்றுபோன மோட்டாருக்கு எந்தத் தரகர் வருவார்? அதனால் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், மோட்டார் பழுது பார்க்கும் பணிமனைகளையும் நடத்தியது. பொருளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போகாமல், அதைப் பேணிக் காக்கிற வழியையும் சேர்த்துக் கொடுத்த அந்த அன்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தேங்காய்த்திட்டில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இளைஞரும் அவருடைய தாய்மாமாவும் படகில் இருந்தார்கள். மோட்டார் கிளம்பும், நான்கைந்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு திணறும், இருமும், நின்றுவிடும். பையன் ஸ்பேனரை எடுத்துக் கார்ப்பரேட்டர் போல்ட்டில் கை வைத்துவிட்டார். மாமா சொன்னார்: "கையை எடு மாப்ள. டேங்க் மூடி மேல இருக்கிற காத்துத் திருகைத் திறந்தியா?" பையன் விழித்தார். திருகைத் திருப்பியதும் உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். வழி அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வர மறுக்கும். கார்ப்பரேட்டரைப் பிரித்திருந்தால் அரை நாள் போயிருக்கும். ஊசிமுனைத் துளை உள்ள ஜெட் ஒன்று கைதவறி ஆற்றில் விழுந்திருந்தால் அன்றையப் பாடே போயிருக்கும். குற்றமோ, விரல் நுனியால் திருப்பக்கூடிய ஒரு சின்னத் திருகில் இருந்தது.

சகோதர சகோதரிகளே, நம் குடும்பச் சண்டைகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. வீட்டில் ஏதோ சரியில்லை என்றதும் ஆழமான இடத்தில் கை வைக்கிறோம். "உன் குணமே சரியில்லை", "உங்கள் வளர்ப்பே அப்படி", "இந்தக் கல்யாணமே தப்பு" என்று ஒரே வீச்சில் அடித்தளத்தைக் கழற்றப் பார்க்கிறோம். அவர் மூன்று நாளாகத் தூங்கவில்லை என்பதையோ, அவள் பேசுவதைக் கேட்க ஒரு மாதமாக ஆளில்லை என்பதையோ, பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்பதையோ முதலில் கேட்பதில்லை. எளிதானதை முதலில் பாருங்கள், அருகில் இருப்பதை முதலில் பாருங்கள். அதற்குத் தாழ்மை வேண்டும். ஏனென்றால் எளிய குற்றம் பெரும்பாலும் நம் கையாலேயே நடந்ததாக இருக்கும். திருகைத் திறக்க மறந்தவர் அந்தப் பையன்தானே!

கதை அங்கே முடியவில்லை. மோட்டார் நிற்காமல் ஓடியது. ஆனாலும் சத்தம் சீராக இல்லை. மாமா காதைச் சாய்த்துக் கேட்டார். "ஒத்தை சிலிண்டர்ல ஓடுது" என்றார். மோட்டாரை நிறுத்தி இரண்டு பிளக்கையும் கழற்றினார். பிளக்கின் முனையைப் பார்த்தால் உள்ளே எப்படி எரிகிறது என்று தெரிந்துவிடும். இளம் பழுப்பு நிறம் என்றால் நலம். கறுத்து எண்ணெய் ஈரத்தோடு இருந்தால் அங்கே சரியாக எரியவில்லை. வெளுத்துப் போயிருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. ஒன்று டீத்தூள் நிறத்தில் இருந்தது. இன்னொன்று கரிபிடித்து நனைந்திருந்தது. பையன் உடனே, "காயில் போயிடுச்சு மாமா" என்றார். காயில் விலை உங்களுக்கே தெரியும்.

மாமா பதில் சொல்லவில்லை. இரண்டு பிளக்கையும் நன்றாகத் துடைத்தார். மேல் சிலிண்டரின் பிளக்கைக் கீழும் கீழ் சிலிண்டரின் பிளக்கை மேலும் மாற்றி மாட்டினார். "ஒண்ணை மட்டும் மாத்து. மாத்திட்டுக் கேளு" என்றார். ஓடவிட்டு மறுபடி பார்த்தபோது, குறை இடம் மாறியிருந்தது. முன்பு நன்றாக எரிந்த சிலிண்டர் இப்போது எரியவில்லை. எரியாமல் இருந்தது எரிந்தது. பிளக் போன இடமெல்லாம் பழுதும் கூடவே போயிருக்கிறது. அப்படியானால் காயிலின் மேல் பழியில்லை, சிலிண்டர் மேல் பழியில்லை. பிளக்தான் கெட்டுப்போனது. பெட்டியில் இருந்த புதுப் பிளக்கைப் போட்டார். மோட்டார் ஒரே சுருதியில் பாடியது.

அன்று முதல் இது என் மனதைவிட்டு அகலவில்லை. நாமும் நம்மை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். அலுவலகத்தில் எனக்கும் மேலாளருக்கும் ஒத்துவரவில்லை. சரி, அவர் கடுமையானவர் என்று வைத்துக்கொள்வோம். வேறு இடத்துக்கு மாறிப் போனேன். அங்கேயும் ஒருவரோடு மனத்தாங்கல். அன்பியத்தில் சேர்ந்தேன், அங்கே தலைவி எனக்குப் பிடிக்காதவர். வாடகை வீட்டை மாற்றினேன். புது வீட்டிலும் அடுத்த வீட்டுக்காரரோடு சண்டை. நான் போகிற இடமெல்லாம் ஒரே சண்டை கூடவே வருகிறது என்றால், பழுது எந்த இடத்தில் இருக்கிறது? தன் கண்ணில் உத்தரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் கண்ணின் துரும்பை எடுக்கப் போகிறவரைப் பற்றி ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னாரே, அவர் நம்மைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. முதலில் நம் கண் தெளிந்தால்தான் அடுத்தவருக்கும் நாம் உதவ முடியும் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதித்துப் பார்த்ததில் குறை என்னுடையது இல்லை என்றும் தெரிய வரலாம். அடிவாங்கும் மனைவி, உழைத்தும் கூலி கிடைக்காத தொழிலாளி, கேலிக்கு ஆளாகும் பிள்ளை இவர்கள் ஒவ்வொரு இரவும், "என்னிடம்தான் ஏதோ தப்பு" என்று தங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். நல்ல பிளக்கைக் கெட்டது என்று தூக்கிப் போடுவதும் தவறான தீர்ப்புதான். நேர்மையான ஆன்ம ஆய்வு, இல்லாத பாவத்தைச் சுமக்கச் சொல்லாது. அப்படிப்பட்டவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், தயவுசெய்து உங்கள் பாரத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். என்னிடமும் வரலாம்.

இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் ஒரு திருச்சபையின் பழுதைப் பார்க்கிறார். குலோயி வீட்டார் வழியாகச் செய்தி வந்திருக்கிறது: கொரிந்துச் சபை சீராக ஓடவில்லை. ஒருவர் தன்னைப் பவுல் கட்சி என்கிறார், இன்னொருவர் அப்பொல்லோ கட்சி, வேறொருவர் கேபா கட்சி, மற்றொருவர் கிறிஸ்து கட்சி. பவுல் என்ன செய்கிறார்? கேள்விப்பட்டதை மறைக்கவில்லை, பெரிதாக்கவும் இல்லை. சபையைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றும் சொல்லவில்லை. குறை எங்கே என்று பெயர் சொல்லிக் காட்டுகிறார். அதிலும் முதலாவதாகத் தம் பெயரால் இயங்கும் கட்சியைத்தான் கேள்வி கேட்கிறார்: பவுலா உங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டார்? தன் பக்கத்திலிருந்து ஆய்வைத் தொடங்கும் தலைவர் அவர். நம் பங்கிலும் மரியாயின் சேனை, வின்சென்ட் தே பால் சபை, இளைஞர் குழு, பாடகர் குழு என்று பல கைகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே தண்டைச் சுழற்ற வேண்டியவை. திருவிழா நோட்டீசில் எந்தக் குழுவின் பெயர் முதலில் வரவேண்டும் என்று நாம் வாதாடும்போது பங்கு ஒற்றைச் சிலிண்டரில் ஓடுகிறது. ஓடத்தான் ஓடுகிறது, ஆனால் அலை வந்தால் ஏறாது.

மோட்டார் திணறத் தொடங்கியதும் சிலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கைப்பிடியை இன்னும் முறுக்கி, வேகத்தைக் கூட்டி, அந்தச் சத்தத்தை அமுக்கப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் அது பலிக்கும். பிறகு மோட்டார் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் நிற்கும். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் மணல் மேடிட்டு அலை உடையும். அங்கே இன்ஜின் நின்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அந்த நேரத்தில் பிளக்கைக் கழற்ற முடியாது. அதனால்தான் அனுபவசாலிகள் திணறலைக் கரையிலேயே கேட்கிறார்கள். நம் மனச்சான்றும் அப்படி நமக்கு முன்னதாகவே சத்தம் கொடுக்கிறது. அது தண்டனை இல்லை, ஆண்டவரின் இரக்கம். செபிக்க முடியவில்லை, பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, ஒருவரைக் கண்டால் ஒதுங்கத் தோன்றுகிறது என்றால் அந்தத் திணறலைக் கேளுங்கள். இன்னும் ஒரு வேலை, இன்னும் ஒரு தொடர், கைப்பேசியில் இன்னும் ஒரு மணி நேரம் என்று முறுக்கி அதை அமுக்காதீர்கள்.

எண்ணெய் விஷயத்துக்கும் வருகிறேன், ஏனென்றால் இங்கே வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் இது உதவும். 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. உப்புக்காற்றில் மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோலில் நீர் சேரும். சேர்ந்து அளவு மீறினால் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடிநீர்தான் முதலில் இன்ஜினுக்குப் போகும். சந்தேகம் வந்தால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, அசைக்காமல் வைப்பார்கள். நீர் இருந்தால், சற்று நேரத்தில் கோடு போட்டதுபோல் இரண்டும் பிரிந்து நிற்கும். கையில் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தால் எந்தக் காலத்திலும் தெரியாது. ஒரு நாளில் கால் மணி நேரமாவது நாம் அசையாமல் நற்கருணை ஆண்டவர் முன் அமர வேண்டியதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நம்மில் கலந்திருப்பது எது என்று அமைதியில்தான் பிரிந்து தெரியும்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்கு ஒரு முறை உண்டு. குளிர்ந்த இன்ஜினை மண்ணெண்ணெயில் கிளப்ப முடியாது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்கு வந்து நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிடுவார்கள். அப்போதுதான் மறுநாள் கிளம்பும். விடியும்போது ஒரு செபம், படுக்கும்போது ஒரு செபம் என்று நம் பாட்டிமார் நம்மைப் பழக்கினார்களே, அதில் பெரிய ஞானம் இருக்கிறது. இரவு செபிக்காமல் கோபத்தோடு தூங்கியவர்களுக்குக் காலைச் செபம் வராது என்பதை நான் பார்க்கிறேன்.

புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் நாள்தோறும் ஆன்ம ஆய்வு செய்யக் கற்றுக்கொடுத்தார். 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அந்த நூலுக்கு ஒப்புதல் அளித்தார். அதில் இஞ்ஞாசியார் குறையைத் தேடுவதற்கு முன்னால் நன்றி சொல்லச் சொல்கிறார். இது ஆழமான வரிசை. எது நன்றாக ஓடுகிறது என்று தெரிந்தவருக்குத்தான் எது ஓடவில்லை என்று தெரியும். நன்றிக்குப் பிறகு ஒளி கேட்கிறோம். இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டதாக எசாயா சொல்வது இங்கே நமக்குப் பொருந்துகிறது. செபுலோன், நப்தலி நாடுகள் படையெடுப்பில் சிதைந்து, மற்றவர்கள் மதிக்காத எல்லைப்புறமாகக் கிடந்தவை. ஆண்டவர் எருசலேமில் தொடங்கவில்லை. மிகவும் பழுதுபட்டுக் கிடந்த அந்த மூலையில் விளக்கை ஏற்றினார். நம் உள்ளத்திலும் யாருக்கும் காட்டாத மூலை ஒன்று இருக்கும். அவர் அங்கேதான் முதலில் வர விரும்புகிறார்.

நாமே பார்த்துத் தீர்க்க முடியாத பழுதும் உண்டு. பிளக் புதிது, பெட்ரோல் சுத்தம், ஃபில்டர் சுத்தம், விசிறியில் தூண்டில் நரம்பும் சுற்றியிருக்கவில்லை, குளிர்நீர் சீராக வெளியே பீச்சுகிறது. ஆனாலும் இழுக்கும் சக்தி இல்லை. கயிற்றை இழுத்தால் எதிர்ப்பே தெரியாமல் லேசாக வருகிறது. உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்து, அமுக்கம் போய்விட்டது. இதற்கு மேல் படகில் வைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து மெக்கானிக்கிடம் போகத்தான் வேண்டும். அங்கே போவது தோல்வி இல்லை. போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

நம் ஊரில் குடிப்பழக்கம் பல குடும்பங்களின் அமுக்கத்தை இப்படித்தான் உள்ளிருந்து தின்கிறது. "நாளையிலிருந்து விட்டுவிடுகிறேன் சாமி" என்று கண்ணீரோடு சொல்கிறவர்களின் உண்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அது தனியாளாகத் தீர்க்கும் பழுது இல்லை. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியால் உடைந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்து எழுந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். தன்னால் முடியாது என்று ஒத்துக்கொள்வதே அவர்களுடைய முதல் படி. தன் வாழ்வை அச்சமின்றி ஆய்ந்து குறித்துக்கொள்வது நான்காம் படி. ஒத்துக்கொண்ட பிறகுதான் ஆய்வே வருகிறது. ஜிப்மர் மருத்துவமனையில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதில் வெட்கம் எதற்கு? மருத்துவரிடம் போங்கள், ஒப்புரவு அருளடையாளத்துக்கும் வாருங்கள். உடலையும் ஆன்மாவையும் படைத்தவர் ஒருவர்தான்.

யாக்கோபும் யோவானும் வலையை முழுதாகத் தைத்து முடித்த பிறகு ஆண்டவர் கூப்பிடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பாதி தைத்த வலை மடியில் கிடக்கும்போதே அழைப்பு வந்தது. உடனே எழுந்து போனார்கள். அந்த இரண்டு பேரும் முன்கோபக்காரர்கள் என்றும், வலப்பக்கம் இடப்பக்கம் அரியணை கேட்டவர்கள் என்றும் பின்னால் நற்செய்தியில் படிக்கிறோம். அவர்களிடம் இன்னும் நிறையப் பழுது இருந்தது. அதைக் கூடவே நடந்து, மூன்று ஆண்டுகளாகப் பார்த்துச் சரிசெய்தவர் ஆண்டவர்தான். ஆகவே, "என் வாழ்க்கை சீரான பிறகு கோயிலுக்கு வருகிறேன்" என்று யாரும் காத்திருக்க வேண்டாம். பழுதை அறிந்தவராக வாருங்கள், அது போதும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் பெருகட்டும் என்று கடலுக்குக் கொடுக்கும் ஓய்வு அது. அந்த நாட்களில் தேங்காய்த்திட்டுக்குப் போனால் படகுகளைக் கரையேற்றி, வண்ணம் அடித்து, இன்ஜினைப் பிரித்து, வலையைப் பின்னிக்கொண்டிருப்பார்கள். தொழில் நின்ற காலம் பழுது பார்க்கும் காலமாகிறது. திருச்சபையும் இன்னும் சில வாரங்களில் நமக்கு நாற்பது நாட்களைக் கொடுக்கப் போகிறது. தவக்காலம் வந்த பிறகு என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டாம், இப்போதே தொடங்கலாம்.

இந்த வாரம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். ஒவ்வோர் இரவும் விளக்கை அணைக்கும் முன் ஐந்து நிமிடம்: நன்றி சொல்லுங்கள், ஒளி கேளுங்கள், அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள், மன்னிப்புக் கேளுங்கள், நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றத் தீர்மானியுங்கள். ஒன்றை மட்டும், அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும். இரண்டாவது, வீட்டில் யார் மேலாவது குறை சொல்லத் தோன்றினால், சொல்வதற்கு முன்னால் "உனக்கு என்னம்மா வேண்டும்?", "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது, பாவசங்கீர்த்தனம் செய்து நெடுநாள் ஆனவர்கள் தயங்காமல் வாருங்கள்.

இங்கே பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் கையில் இருக்கும் அறிவு ஆண்டவர் தந்த கொடை. அதை உங்களோடு புதைத்துவிடாதீர்கள். வேலையில்லாமல் நிற்கும் ஒரு பையனை அருகில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். அவன் தப்பாகக் கழற்றினால் கையைத் தட்டிவிடாமல், பொறுமையாக வரிசையைக் காட்டுங்கள். தவறியவரைக் கனிவோடு திருத்தும்படி பவுல் கலாத்தியருக்கு எழுதினார். அது பட்டறைக்கும் பொருந்தும், வீட்டுக்கும் பொருந்தும். கடலுக்குப் போகும் உறவினர் யாருக்கேனும் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: மாற்றுப் பிளக் இரண்டு, அதைக் கழற்றும் ஸ்பேனர், உயிர்காப்புச் சட்டை இல்லாமல் படகைத் தள்ள வேண்டாம். மோட்டாரின் விசிறியில் கை வைக்கும் முன் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554. அதை மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஒரு மனிதர் பத்திரமாகக் கரை திரும்ப உதவுவதும் நற்செய்திப் பணிதான்.

செபிப்போம். ஆண்டவரே, கடலோரம் நடந்து எங்களைத் தேடி வருகிறவரே, எங்களை ஆய்ந்து அறிந்து எங்கள் குறையை எங்களுக்குக் காட்டும். காட்டும்போது நாங்கள் மனம் உடைந்துபோகாதபடி உம் கையையும் கொடும். நாங்கள் தேடிக் கண்டதைச் சரிசெய்யப் பொறுமையும், எங்களால் முடியாததை உம்மிடம் கொண்டுவரத் தாழ்மையும் தாரும். எங்கள் குடும்பங்களையும் இந்தப் பங்கையும் ஒரே மனத்தோடு இயங்கச் செய்யும். இன்று இரவு கடலுக்குப் போகும் ஒவ்வொருவரையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு வீட்டையும் காத்தருளும். ஆமென்.